நுளம்பு பார்க்க வந்தவர் அலுமாரியைத் திறக்கலாமா?

(எமது வாசிகசாலையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை, எழுத்து வடிவில்)

விழாத் தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வந்திருக்கும் ஓய்வுபெற்ற நீதவான் ஐயா அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா, பங்குத்தந்தை அவர்களே, வேலைகளுக்கிடையிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் சுகாதார வைத்திய அதிகாரி அவர்களே, அதிபர்மாரே, கிராம சேவையாளர் அவர்களே, பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் இளைஞர்களே, முன்வரிசைக் கதிரைகளை உரிமையோடு பிடித்துக்கொண்ட தாய்மாரே, எல்லோருக்கும் வணக்கம்.

நீதவான் ஐயாவின் முன்னால் எத்தனையோ பிணை விண்ணப்பங்களோடு கைகட்டி நின்றவன் நான். இன்றைக்கு ஐயா கீழே இருக்கிறார், நான் மேலே நின்று பேசுகிறேன். இப்படி ஒரு வாய்ப்பைத் தந்த செயலாளருக்கு விசேட நன்றி. ஐயா பிணை மறுத்த வழக்குகளைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்லமாட்டேன்.

தொற்றுநோய்க் காலமும் பொலிஸ் சோதனையும் என்பது எனக்குத் தந்த தலைப்பு. இரண்டு விடயம் பேசி, ஒரு கோரிக்கை வைக்க நினைத்திருக்கிறேன். வீட்டுச் சோதனை, தனிமைப்படுத்தல் சட்டம். வீட்டில் இருந்தே தொடங்குவோம்.

என் மாமி ஒருவர் கோப்பாய்ப் பக்கம் தனியே இருக்கிறார். 2017இல் டெங்கு நாட்டையே உலுக்கியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இலங்கை முழுவதும் 186,000க்கு மேற்பட்ட நோயாளர்கள். ஒருநாள் காலை மாமியின் படலையைத் தட்டினார்கள். பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தம்பி ஒருவர், கூட இரண்டு பொலிஸார். மாமி நல்ல மனுசி. ‘வாங்கோ மக்கள்’ என்று கூப்பிட்டு, வளவைக் காட்டினார். சிரட்டை கவிழ்த்துக் கிடந்தது. பூச்சாடித் தட்டில் தண்ணீர் இல்லை. கிணற்றுக்கு வலை. பழைய ரயருக்குள் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நின்றது. பி.எச்.ஐ. தம்பி மரியாதையாக அதைக் கொட்டிவிட்டு, ‘இனிமேல் கவனமா இருங்கோ அம்மா’ என்று சொன்னார். அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

மாமி தேத்தண்ணீர் வைக்கக் குசினிக்குள் போனார். திரும்பி வந்து பார்த்தால், பொலிஸாரில் ஒருவர் அறைக்குள் நிற்கிறார். அலுமாரி திறந்து கிடக்கிறது. மாமியின் கூறைச்சீலை கட்டிலில். சீட்டுக்காசுக் கொப்பி அவர் கையில். மாமி கேட்டாராம்: ‘ஏன் தம்பி, நுளம்பு சீலையும் உடுக்குதோ?’

அவருக்குத் தமிழ் விளங்கவில்லை. பி.எச்.ஐ. தம்பிக்கு நன்றாக விளங்கியது, ஆனால் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமியும் விடவில்லை. ‘அப்ப சாமியறையையும் பாருங்கோ, பிள்ளையாற்றை தும்பிக்கைக்குள்ளையும் தண்ணி நிக்கும்’ என்றிருக்கிறார். கடைசியில் மகனின் பழைய கைத்தொலைபேசி ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஏன் எடுத்தார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த கிழமை மாமியோடு நானும் நிலையத்துக்குப் போனேன். ‘எந்தப் போன்? யார் வந்தது? என்றைக்கு?’ என்று எங்களையே திருப்பிக் கேட்டார்கள். காட்டுவதற்கு எங்கள் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. அந்தத் தொலைபேசி இன்னும் வீடு திரும்பவில்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருக்கத் தடுப்புச் சட்டம் வளவுக்குள் வந்து பார்க்க அலுவலருக்கு அதிகாரம் தருகிறது. தரவும் வேண்டும், டெங்கில் பிள்ளைகள் சாகிறார்கள். ஆனால் அந்த அதிகாரம் நுளம்பு முட்டையிடும் இடத்துக்கானது. குற்றம் தேடி வீட்டைக் கிளறுவது வேறு விடயம். அதற்கு 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை இருக்கிறது. நீதவானின் தேடுதல் ஆணை அதில் இருக்கிறது. ஆணையில்லாமல் தேடக்கூடிய சந்தர்ப்பங்களும் இருக்கின்றன, அவற்றுக்கும் நிபந்தனை உண்டு. பெண்ணைச் சோதிப்பதானால் இன்னொரு பெண்தான், அதுவும் கண்ணியமாகச் சோதிக்க வேண்டும். ஒரு வாசலால் வந்துவிட்டு இன்னொரு சட்டத்தின் வேலையைப் பார்க்க முடியாது.

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று நம்மவர்கள் சொல்வார்கள். நான் முப்பது வருடமாக நீதிமன்றத்தில் நிற்கிறவன், எனக்குத் தெரிந்தது மறுபக்கம். ஏட்டிலேயே இல்லாத சுரைக்காய் வழக்குக்கு உதவாது.

அடுத்தது தனிமைப்படுத்தல் சட்டம். 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், கொள்ளைநோய்க்குப் பயந்து வெள்ளைக்காரன் போட்டது. அதே வருடம் இந்தியாவிலும் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. புனே நகரில் பட்டாளத்தை வீடுவீடாக அனுப்பி நோயாளிகளைத் தேடினார்கள். குசினிக்குள்ளும் பூசையறைக்குள்ளும் சப்பாத்தோடு போனார்கள். மக்களின் ஆத்திரம் ஜூன் 22ஆந் திகதி வெடித்தது, கொள்ளைநோய் ஆணையாளர் ராண்ட் சுடப்பட்டார். கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் மருத்துவத்தின் பெயரால் அதிகாரத்தை அவிழ்த்துவிட்டால் சனம் மருத்துவரையும் நம்பாது. நோயாளியை ஒளிக்கத் தொடங்கும். வைத்திய அதிகாரி தலையாட்டுகிறார், நன்றி.

நம்முடைய கதை 2020, கொரோனாக் காலம். மார்ச் 20 மாலை ஊரடங்கு. அரியாலைத் தேவாலய ஆராதனை ஒன்றில் தொற்று வந்த பிறகு யாழ்ப்பாணமே பூட்டப்பட்டது. அந்த ஊரடங்கு எந்தச் சட்டத்தின்கீழ் என்று சட்டத்தரணிகள் கேட்டார்கள், தெளிவான பதில் வரவில்லை. அதற்குள் ஆயிரக்கணக்கில் கைது. முகக்கவசமும் ஒரு மீற்றர் இடைவெளியும் கட்டாயம் என்ற ஒழுங்குவிதி வர்த்தமானியில் வந்ததே ஒக்ரோபரில்தான். அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை கைதுசெய்தால் காரணம் சொல்லச் சொல்கிறது. நம் சந்திகளில் எத்தனை பேருக்குக் காரணம் சொன்னார்கள்? சொன்னவர்களும் எந்த மொழியில் சொன்னார்கள்?

இங்கேதான் என் கோரிக்கை. பொலிஸாரோ, பி.எச்.ஐ.யோ, இராணுவமோ, யார் வீட்டுக்குள் வந்தாலும், போகும்போது தமிழில் ஒரு துண்டு எழுதித் தந்துவிட்டுப் போகட்டும். பெயர், பதவி, திகதி, நேரம், எந்தச் சட்டம், எதை எடுத்தோம். ஆறு வரி. வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையே சொல்கிறது. ஆளில்லை, நேரமில்லை என்பார்கள். நூற்றைம்பது வருடத்துக்கும் முன்னரே மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீன் மேனாட்டு மருத்துவத்தையே தமிழில் படிப்பித்தார். உடற்கூற்றைத் தமிழில் எழுத முடிந்த ஊரில், ஆறு வரியை எழுத முடியாதா?

துண்டு இருந்தால் என்ன வரும் என்று முன்வரிசை அம்மா ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி. அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது. யாழ்ப்பாணத்திலேயே அலுவலகம் இருக்கிறது, கொழும்புக்கு ஓட வேண்டாம். ஆனால் அங்கேயும் முதல் கேள்வி, யார், என்றைக்கு என்பதுதான். ஏட்டில் இல்லாத சுரைக்காயை அங்கே வைத்து என்ன செய்வது?

2024 டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் எலிக்காய்ச்சலில் சனம் இறந்தபோது, மர்மக் காய்ச்சல் என்று பயந்து கிடந்தோம். இன்னொரு நோய் வரும், மறுபடியும் படலை தட்டப்படும். அதற்கு முன்னர் அந்தத் துண்டு நடைமுறைக்கு வந்துவிட வேண்டும்.

செயலாளர் மணியைத் தூக்கிவிட்டார். வாசலில் வலது பக்க மேசையில் மகஜர் வைத்திருக்கிறோம், மாகாண ஆளுநருக்கும் பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் போகப்போகிறது. பெயரும் கையெழுத்தும் போதும், அடையாள அட்டை இலக்கம் வேண்டாம். வடை எடுக்கிற கையால் தாளைத் தொடவேண்டாம், முதலில் கையெழுத்து, பிறகு வடை. நீதவான் ஐயா முதலாவதாக வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். வணக்கம்.