சுருதி கூடிப்போன முதல் பக்கம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் அந்தத் தட்டைவிட, அதன் மறுவெளியீட்டைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். 1959 ஆகஸ்ட் 17 அன்று கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட தட்டு இது. ஜாஸ் பிடிக்காதவர் வீட்டு அலமாரியிலும் இருக்கும். அமெரிக்காவில் மட்டும் 50 லட்சம் பிரதிகள் என்று 2019-ல் சான்று கொடுத்தார்கள். இத்தனை பேர் உருகி உருகிக் கேட்ட தட்டின் முதல் பக்கம், 33 ஆண்டுகள் தவறான சுருதியில் ஒலித்துக்கொண்டிருந்தது. சங்கீத விமர்சகர்கள் நிறைந்த அவையில் இதைச் சொல்லும்போது கொஞ்சம் குஷியாகத்தான் இருக்கிறது.

அட்டையில் 'ரீமாஸ்டர்' என்று போட்டிருந்தால் முதலில் சந்தேகப்படுகிற ஆள் நான். சத்தத்தைக் கூட்டுவார்கள், ட்ரெபிளை ஏற்றுவார்கள், இரைச்சலை எடுக்கிறேன் என்று பாடகர் மூச்சு வாங்குவதையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். கேட்டால் 'தெளிவு' என்பார்கள். இந்தத் தட்டுக்கு 1992-ல் நடந்தது வேறு.

முதலில் ஒலிப்பதிவுக்குப் போவோம். நியூயார்க்கில் 30-வது தெருவில் கொலம்பியாவின் ஸ்டுடியோ. முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். நல்ல உயரமான கூரை. 1959 மார்ச் 2-ல் ஓர் அமர்வு, ஏப்ரல் 22-ல் இன்னொன்று. அவ்வளவுதான், தட்டு முடிந்தது. மைல்ஸ் ட்ரம்பெட், ஜான் கோல்ட்ரேன் டெனர் சாக்ஸபோன், கேனன்பால் ஆடர்லி ஆல்டோ சாக்ஸபோன், பால் சேம்பர்ஸ் பேஸ், ஜிம்மி காப் டிரம்ஸ். பியானோவில் பில் எவன்ஸ். 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' ஒன்றுக்கு மட்டும் வின்டன் கெல்லி. அப்போது குழுவின் வழக்கமான பியானோக்காரர் கெல்லிதான். வந்து பார்த்தால் அவர் இடத்தில் எவன்ஸ் உட்கார்ந்திருக்கிறார்! அந்த நிமிடம் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மார்ச் 2 அன்று மூன்று தட ஒலிநாடா இயந்திரங்கள் இரண்டு ஓடின. ஒன்று மூலப் பதிவுக்கு, மற்றொன்று காப்புக்கு. மூலப் பதிவு இயந்திரம் அன்றைக்குக் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிப் பதிந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓடும் இயந்திரத்தில் போட்டால் என்ன ஆகும்? பாட்டு வேகமாகும், சுருதியும் ஏறும். ஏறியது அரைக்கட்டைகூட இல்லை, அதிலும் குறைவு. அந்த நாடாவிலிருந்துதான் தட்டு அச்சானது. முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் அன்று பதிந்தவையே: 'சோ வாட்', 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்', 'ப்ளூ இன் கிரீன்'. இரண்டாம் பக்கம் ஏப்ரலில் பதிந்தது. அதில் கோளாறு இல்லை.

யாருக்கும் தெரியவில்லையா என்றால், கூடவே வாசித்துப் பழகியவர்களுக்குத் தெரிந்தது. தட்டோடு சேர வேண்டுமென்றால் வாத்தியத்தைக் கொஞ்சம் ஏற்றிச் சேர்க்க வேண்டும். சாக்ஸபோன்காரர் ஊதுவாயைத் தள்ளிச் சமாளிக்கலாம். பியானோக்காரர் என்ன செய்வார்? கேட்பவர்களுக்கோ எல்லா வாத்தியமும் ஒன்றாக ஏறியிருப்பதால் அபசுரமே இல்லை.

1992-ல் மறுவெளியீட்டு வேலை பார்த்த ஒலிப்பொறியாளர் மார்க் வைல்டர் அந்தக் காப்பு நாடாவை எடுத்தார். அது சரியான வேகத்தில் ஓடிய இயந்திரத்துடையது. அதிலிருந்து முதல் பக்கத்தைச் செய்தார். 1997-ல் பரவலாக வந்த மறுவெளியீட்டிலும் அந்தத் திருத்தம் இருக்கிறது. கூடுதலாக 'ஃப்ளமென்கோ ஸ்கெட்சஸ்' உருப்படியின் இன்னொரு வாசிப்பும் அதில் கிடைத்தது.

'இது ஒரு பெரிய வித்தியாசமா?' என்று நீங்கள் கேட்கலாம். 'சோ வாட்' எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அதற்கு முந்தைய ஜாஸ் பாணியான பெபாப்பில் கார்டுகள், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள், சடசடவென்று மாறிக்கொண்டே இருக்கும். மைல்ஸ் அதை விட்டார். 32 பார் (நம் ஆவர்த்தனம் மாதிரி ஒரு தாள அளவு) கொண்ட ஒரு சுற்று. முதல் 16 பார் டி டோரியன் என்ற ஸ்கேல், அடுத்த 8 அதே ஸ்கேல் அரைக்கட்டை மேலே, கடைசி 8 மறுபடி கீழே. டோரியனின் சுரங்கள் நம் கரகரப்பிரியாவின் சுரங்கள்தான். ராகம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கமகமும் இல்லை, பிடிப்பும் இல்லை, சுர வரிசை மட்டுமே. ஆக, இரண்டு கட்டையில் கரகரப்பிரியா, இரண்டரைக் கட்டையில் கரகரப்பிரியா. மொத்தமே இவ்வளவுதான். அந்த அரைக்கட்டை நகர்வு ஒன்றை நம்பி ஒன்பது நிமிடம் ஓடுகிற உருப்படி, இரண்டுக்கும் இரண்டரைக்கும் இடையே எங்கேயோ தொடங்கினால், அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

வேகமும் சேர்ந்து குறைகிறது என்பதை மறக்க வேண்டாம். திருத்திய வெளியீட்டில் சேம்பர்ஸின் பேஸ் கேள்வி கேட்க, மற்றவர்கள் இரண்டே சுரத்தில் பதில் சொல்லும்போது, அந்தப் பதில் அவசரப்படுவதில்லை. கோல்ட்ரேனின் தொனி ஒரு நூல் கனக்கிறது. ஏப்ரல் அமர்வு முடிந்த இரண்டே வாரத்தில், மே மாதம், இதே மனிதர் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' பதிவு செய்தார். அது முழுக்கக் கார்டுகளின் நெரிசல்!

பழைய தட்டோடு வளர்ந்தவர்கள் சிலருக்குத் திருத்தியது சோம்பலாகத் தோன்றலாம். பழகிய காதுக்கு அப்படித்தான் இருக்கும். எனக்கு அந்தக் கட்சியில் அனுதாபம் உண்டு, உடன்பாடு இல்லை. அன்று ஆறு பேர் வாசித்த வேகம் ஒன்று இருக்கிறது. அதை மாற்றியது மைல்ஸ் அல்ல, ஒரு மோட்டார்.

(இங்கே 'சோ வாட்' தொடக்கம் ஒலிக்கப்பட்டது.)

ஒன்றரை நிமிடம் தாண்டியதும் மைல்ஸ் தனி வாசிக்க வருகிறார். அந்த இடத்தில் காப் சிம்பலில் ஓர் அடி அடித்தாரே, கவனித்தீர்களா? மூல நாடாவிலிருந்து நன்றாக மாற்றி எடுத்த வெளியீட்டில் அந்த அடியின் ரீங்காரம் ட்ரம்பெட்டுக்குப் பின்னால் கரைந்து முடிகிறவரை கேட்கும். 'ப்ளூ இன் கிரீன்' உருப்படியில் மைல்ஸ் ட்ரம்பெட் வாயில் ஹார்மன் மியூட் என்ற ஒலியடக்கியைச் செருகி, மைக்கை ஒட்டி வாசிக்கிறார். அங்கே சுரம் நின்ற பிறகும் காற்று கொஞ்சம் மிச்சமிருக்கும். இரைச்சலை ஒழிக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் முதலில் வெட்டுவது இதைத்தான்.

இதில் மைல்ஸின் தீர்ப்பே பதிவாகியிருக்கிறது. 'சோ வாட்' பதிவின்போது தயாரிப்பாளர் இர்விங் டவுன்சென்ட் கவலைப்படுகிறார்: இசை இவ்வளவு சன்னமாக ஒலிக்கிறது, சின்னச் சத்தமெல்லாம் விழுகிறது, ஸ்னேர் டிரம் அதிர்வதுகூடக் கேட்கிறது என்று. அதெல்லாம் இதோடு சேர்ந்ததுதான் என்கிறார் மைல்ஸ். டவுன்சென்டும் விடவில்லை, சரி, ஆனால் மற்றச் சத்தங்கள் வேண்டாம் என்கிறார்! ரீமாஸ்டர் செய்கிற ஒவ்வொருவரும் மேசைமேல் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டிய உரையாடல்.

இதை நிதானமான கூல் ஜாஸ் என்பதா, கார்டுகளை விட்டு ஸ்கேலை நம்பும் மோடல் ஜாஸ் என்பதா என்று பண்டிதர்கள் சண்டை போடட்டும். 1949, 50-ல் ஒன்பது பேர் குழுவை வைத்து மைல்ஸ் பதிந்த, பின்னால் 1957-ல் 'பர்த் ஆஃப் த கூல்' என்று தொகுத்த இசையின் நிதானம்தான் இங்கே வளர்ந்து நிற்கிறது. நிதானம் என்றால் சாதுவான வாழ்க்கை என்று நினைத்துவிடாதீர்கள். இந்தத் தட்டு வெளியான எட்டாம் நாள், தான் வாசித்துக்கொண்டிருந்த 'பேர்ட்லேண்ட்' கிளப்பின் வாசலிலேயே அவரைப் போலீஸ் அடித்து ரத்தம் வடிய இழுத்துப் போனது.

கடைசியாக, பழைய எல்பி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சோதனை. வீட்டில் சுருதிப்பெட்டி இருக்கும், இல்லாவிட்டால் போனில் தம்பூரா செயலி இருக்கும். எடுத்தவுடனே முதல் பக்கத்தைப் போட்டுத் தட்டைக் குற்றம் சொல்லாதீர்கள். உங்கள் டர்ன்டேபிளே வேகமாக ஓடலாம். முதலில் இரண்டாம் பக்கம். அதில் 'ஆல் ப்ளூஸ்' ஐந்து கட்டையில் நிற்கும். ஆரம்ப கால அச்சுகள் சிலவற்றில் அந்தப் பக்கத்து இரண்டு பெயர்களும் இடம் மாறியிருக்கும், குழம்ப வேண்டாம். ஆறு ஆறான எண்ணிக்கையில் ஊஞ்சலாடுவதுதான் 'ஆல் ப்ளூஸ்'. அது பெட்டியோடு சேர்ந்தால் உங்கள் டர்ன்டேபிள் சரி. பிறகு பெட்டியை இரண்டு கட்டைக்கு வைத்துவிட்டு 'சோ வாட்' போடுங்கள். சேரவில்லையென்றால் உங்களிடம் இருப்பது பழைய மூலநாடாவிலிருந்து வந்த அச்சு. அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பக்கத்தில் திருத்திய வெளியீட்டையும் வாங்கி வையுங்கள். நன்றி, வணக்கம்.