முகாம்ல பிறந்த பிள்ளைக்கு எந்த நாடு? இரக்கம் பேசுறவங்க படிக்க வேண்டிய ஒரு பிரிவு

வணக்கம் மக்களே. 2025 மே மாசம் ஒரு இலங்கைத் தமிழரோட வழக்குல, உலகத்துல இருக்கிற அகதிகளுக்கெல்லாம் இடம் கொடுக்க இந்தியா ஒண்ணும் தர்மசத்திரம் இல்லன்னு உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. அதுலேர்ந்து இரக்கம் காட்டணுமா, சட்டத்தப் பாக்கணுமான்னு ஒரே வாக்குவாதம். இப்படிப் பிரிச்சுப் பேசுறதே தப்புன்னு நான் நினைக்கிறேன்.

தமிழ்நாட்டுல இரக்கத்துக்குக் குறைச்சல் இல்ல. புழல், கும்மிடிப்பூண்டி, மண்டபம்னு இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு நூத்துக்கும் மேல முகாம் இருக்கு. 2021ல மாநில அரசு 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவிச்சுது. 7,469 வீடு, குடும்பத் தலைவருக்கு மாச உதவித்தொகை 1,000லேர்ந்து 1,500 ரூபாய். நல்ல விஷயம்தான். ஆனா அரசாணையில வந்தத இன்னொரு அரசாணை எடுத்துடலாம்.

சட்டத்துல இவங்க யாரு? 1955ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டம், பிரிவு 2(1)(பி)ய எடுத்துப் படிங்க. செல்லுபடியாகிற பாஸ்போர்ட் இல்லாம வந்தவங்க எல்லாருமே சட்டவிரோதக் குடியேறி. 1990ல குண்டுக்குப் பயந்து படகேறி ராமேஸ்வரத்துல இறங்கினவங்ககிட்ட பாஸ்போர்ட் கேட்டா எங்க போவாங்க? அந்த முத்திரை விழுந்தா குடியுரிமைக்கு, பிரிவு 5ல பதிவு மூலமாவும் விண்ணப்பிக்க முடியாது, பிரிவு 6ல இத்தன வருஷம் இங்க வாழ்ந்தேன்னும் விண்ணப்பிக்க முடியாது. முப்பது வருஷம் இருந்தாலும் கணக்குல வராது.

பிள்ளைங்க விஷயத்துலதான் நெஞ்சு பதறுது. இதக் கொஞ்சம் நிதானமாக் கேளுங்க. 1987 ஜூலை 1க்கு முன்னாடி இந்திய மண்ணுல பிறந்திருந்தா, அப்பா அம்மா யாரா இருந்தாலும் பிறப்பாலயே இந்தியர். மண்டபம் முகாம்ல 1986ல பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுங்கன்னு 2022ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது இந்த அடிப்படையிலதான். அந்தத் தேதிக்கு அப்புறம், 2004 டிசம்பர் 3க்கு முன்னாடி பிறந்தவங்களுக்கு, அப்பா அம்மாவுல ஒருத்தர் இந்தியரா இருந்தாப் போதும். அதுக்குப் பின்னாடி பிறந்தா ஒருத்தர் இந்தியரா இருக்கணும், இன்னொருத்தர் சட்டவிரோதக் குடியேறியா இருக்கக் கூடாது. அதாவது படகுல வந்து கும்மிடிப்பூண்டி முகாம்ல இருக்கிற பையன் இந்த ஊர்ப் பொண்ணக் கல்யாணம் பண்ணா, 2003ல பிறந்த மூத்த பிள்ளை இந்தியன். 2006ல பிறந்த தங்கச்சி இல்ல. ஒரே வீடு, ஒரே அம்மா!

முதல் ரெண்டு வகையில வர்றவங்க குடியுரிமை கேட்டு மனு போட வேண்டியதில்ல. சட்டப்படி ஏற்கெனவே இந்தியர்தான், அதனால நேரா பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம். பெரும்பாலும் பிறப்புச் சான்றிதழ்லதான் சிக்கும். முகாம் பதிவேட்டுல ஒரு பேர், சான்றிதழ்ல வேற எழுத்து, அப்பா பேர் விட்டுப் போயிருக்கும். முதல்ல அதச் சரி பண்ணுங்க. பிறப்பே பதிவாகலன்னா, ஒரு வருஷம் தாண்டினதுக்கு மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர், இல்ல மாவட்ட ஆட்சியர் அதிகாரம் கொடுத்த நிர்வாக நடுவரோட உத்தரவு வாங்கித்தான் பதிய முடியும். அம்மா இந்தியர்னா அவங்களோட பழைய சான்றுகளையும் சேத்து வைங்க.

சரி, 2025 செப்டம்பர்ல மத்திய அரசு ஒரு விலக்கு உத்தரவு போட்டுச்சே? 2015 ஜனவரி 9க்குள்ள இங்க வந்து பதிவு செஞ்ச இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததுக்கான நடவடிக்கையிலேர்ந்து விலக்கு. பிடிச்சு உள்ள போட மாட்டாங்க, அவ்வளவுதான். குடியுரிமை வந்துடுச்சுன்னு வாட்ஸ்அப்ல வர்றத நம்பாதீங்க. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான்லேர்ந்து வந்த ஆறு மதத்தவருக்கு இது ரெண்டு படியா நடந்துச்சு. 2015ல இதே மாதிரி விலக்கு. அப்புறம் 2019ல, இப்படி விலக்கு வாங்கினவங்க சட்டவிரோதக் குடியேறி இல்லன்னு 2(1)(பி)யிலயே ஒரு விதிவிலக்கு வாசகம் சேத்தாங்க. இலங்கைத் தமிழருக்கு முதல் படி ஏறியாச்சு, ரெண்டாவது படி கட்டவே இல்ல.

போர் 2009லயே முடிஞ்சிடுச்சு, திரும்பிப் போகட்டும்ங்கிற வாதமும் இருக்கு. போக விரும்புறவங்க தாராளமாப் போகணும். ஆனா இங்க பிறந்த பிள்ளைக்கு முதல்ல சென்னையில இருக்கிற இலங்கைத் துணைத் தூதரகத்துல பதிஞ்சு அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கணும், இந்தியாவ விட்டு வெளியேற இங்க அனுமதி வாங்கணும். 2025ல ஐ.நா. அகதிகள் ஆணையத்தோட உதவியில யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்துல போய் இறங்கின ஒரு முதியவர, அந்தக் காலத்துல முறையான ஆவணம் இல்லாம நாட்ட விட்டுப் போனாருன்னு கைது பண்ணாங்க. அப்புறம் யாரு தைரியமா மூட்டை கட்டுவாங்க?

உங்க தொகுதி எம்.பி. அகதிகளப் பத்தி மேடையில உருகிப் பேசினா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க. 2(1)(பி)யில இலங்கையச் சேக்க தனிநபர் மசோதா கொண்டு வருவீங்களா? அந்தப் பதிலக் கீழ கமெண்ட்ல போடுங்க, பேரோட.