மெய் வருந்த வழியில்லாத இடத்தில்

(பட்டிமன்றத் தலைப்பு: எதிர்பாராத துன்பத்தில் மனிதனைத் தாங்கி நிறுத்துவது இறைநம்பிக்கையா, தன்முயற்சியா? ‘இறைநம்பிக்கையே’ அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களே, இரண்டு அணித் தோழர்களே, பாயும் தலையணையுமாகச் சாயங்காலமே வந்து இடம் பிடித்துவிட்ட தாய்மார்களே, பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவர் ஐயா முழங்கிவிட்டுப் போயிருக்கிறார். “கடவுளா வந்து கை கொடுத்தார்? நாம்தானே கையை ஊன்றி எழுந்தோம்!” என்றார். கைதட்டல் பந்தல் முழுக்கக் கேட்டது. ஆனால் நடுவர் அவர்களே, மேடை ஏறுவதற்கு முன்னால் ஐயா அம்மன் சன்னதியில் திருநீறு வாங்கி நெற்றி நிறையப் பூசிக்கொண்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பையில் குறிப்பு இருக்கிறது, நாற்பது வருஷ மேடை அனுபவம் இருக்கிறது. அப்படியும் ஐயாவுக்குத் திருநீறு தேவைப்பட்டிருக்கிறது. வெறும் இருபது நிமிஷப் பேச்சுக்கே இப்படியென்றால், தலையில் இடி விழுந்தவன் கதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஐயா ஒரு குறள் சொன்னார். “தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்.” வள்ளுவரை மறுத்துப் பேச எனக்குத் துணிச்சலும் இல்லை, தேவையும் இல்லை. உடம்பை வருத்தி உழைக்க வழி இருக்கிறபோது உழைக்காமல் உட்கார்ந்து சாமி தருமென்று வாயைப் பிளக்கிறவனுக்கு அந்தக் குறள் சவுக்கடி. எங்கள் அணியும் அவனை வாசலிலேயே நிறுத்திவிடும். ஆனால் இன்றைய தலைப்பில் ‘எதிர்பாராத’ என்று ஒரு சொல் இருக்கிறது. எதிரணியில் பேசிய இரண்டு பேருமே அதை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் பேசினார்கள். பரீட்சையில் தோற்றவன் மறுபடி படித்தான், வியாபாரத்தில் நொடித்தவன் மறுபடி கடை போட்டான் என்று அடுக்கினார்கள். அங்கெல்லாம் மெய் வருந்த இடம் இருந்தது. இடமே இல்லாத இடத்தில் என்ன செய்வது? அதற்கு மட்டும் அவர்களிடமிருந்து பதில் வரவில்லை.

அப்படி ஓர் இடத்துக்கு உங்களை அழைத்துப் போகிறேன். 2023, நவம்பர் 12. ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி. விடியற்காலை ஐந்தரை மணி. நாமெல்லாம் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு வெந்நீருக்குக் காத்திருந்த நேரம். உத்தராகண்ட் மாநிலம் உத்தரகாசி மாவட்டத்தில் சில்க்யாரா என்ற இடத்தில், மலையைக் குடைந்து நாலரைக் கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலைச் சுரங்கம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ராத்திரி ஷிப்டு முடிகிற நேரத்தில் மேலிருந்து மலை சரிந்தது. சுமார் அறுபது மீட்டர் கனத்துக்குக் கல்லும் மண்ணும் கம்பியும் விழுந்து வழி அடைபட்டுப்போனது. உள்ளே 41 பேர். ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், ஒடிசா, பீகார், வங்காளம் என்று பல ஊரிலிருந்து தினக்கூலிக்கு வந்தவர்கள். தீபாவளிக்கு வீட்டுக்குப் போக முடியாதவர்கள்.

அவர்கள் இருந்த பக்கம் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் முழுசாக இருந்தது. ஆனால் வெளியே போகிற ஒரே வழி அடைபட்டுவிட்டது. ஏற்கெனவே பதித்திருந்த நாலு அங்குலக் குழாய் ஒன்று தப்பியிருந்தது. அதன் வழியாகக் காற்று வந்தது, பொரி வந்தது. பாறையில் கசிந்த தண்ணீரையும் குடித்திருக்கிறார்கள். ஆறு அங்குலக் குழாய் உள்ளே போய்ச் சேர்ந்து, சுடச்சுட ஒரு வேளைக் கிச்சடி கிடைத்தது நவம்பர் 20 ராத்திரிதான். அதற்கு மறுநாள்தான் கேமரா வழியாக அவர்கள் முகத்தை வெளியுலகம் பார்த்தது.

இந்த இடத்தில் எதிரணியில் பேசிய பேராசிரியர் அம்மா சிரிக்கிறார். என்ன கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரியும். “அவங்கள வெளிய கொண்டுவந்தது யாரு? சாமியா தோண்டிச்சு?” அதானே அம்மா? இல்லை, சாமி தோண்டவில்லை. மனிதர்கள் தோண்டினார்கள். பெரிய துளை போடும் இயந்திரம் கிட்டத்தட்ட முனைக்குப் போனபிறகு கம்பியில் சிக்கி உடைந்து நின்றது. அதற்கப்புறம் எலிவளைத் தொழிலாளர்கள் என்கிறார்களே, நிலக்கரிக்காகக் குறுகலாகப் பொந்து குடைகிற முறையில் கையாலேயே தோண்டிப் பழகிய ஆட்கள், அவர்களில் பன்னிரண்டு பேர் வந்தார்கள். அந்த முறையில் நிலக்கரி எடுப்பதற்கு, ஆபத்தென்று 2014-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டிருந்தது. கைக்கருவியை வைத்துக்கொண்டு, குழாய்க்குள் ஊர்ந்துபோய், மிச்சமிருந்த பத்துப் பன்னிரண்டு மீட்டரைச் சுரண்டி எடுத்தார்கள். அவர்களில் இந்து இருந்தார், முஸ்லிம் இருந்தார். நவம்பர் 28 சாயங்காலம், பதினேழாம் நாள், 41 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரின் உழைப்புக்கு எங்கள் அணி முதலில் எழுந்து நின்று கும்பிடுகிறது.

ஆனால் கேள்வி அதில்லையே, நடுவர் அவர்களே! துன்பம் யாருக்கு? உள்ளே இருந்தவர்களுக்கு. முயற்சி யாருடையது? வெளியே இருந்தவர்களுடையது. எதிரணியினர் ‘தன்முயற்சி’ என்று தலைப்பை வாங்கிக்கொண்டு, அடுத்தவர் முயற்சிக்குக் கைதட்டல் வாங்கப் பார்க்கிறார்கள், அதை நீங்கள் கவனிக்க வேண்டும். உள்ளே இருந்தவர்கள் நடந்தார்கள், யோகா செய்தார்கள், சின்ன வயசு விளையாட்டெல்லாம் விளையாடினார்கள். அதெல்லாம் மனசு சிதறாமல் இருக்க. அதனால் ஒரு கல்கூட நகராது என்று அவர்களுக்கே தெரியும். நமக்குத் தெரியாத யாரோ நமக்காக எங்கேயோ பாடுபடுகிறார்கள், நம்மை விட்டுவிட மாட்டார்கள் என்று நம்பித்தான் அந்தச் சுரங்கத்துக்குள் பதினேழு நாள் ஓட்டினார்கள். கண்ணால் பார்க்காததை நம்பி உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்து பேசியவர்களில் சிலர், கடவுளை நினைத்துக்கொண்டே இருந்ததைச் சொன்னார்கள். இதற்கு வேறு என்ன பெயர் வைக்கப்போகிறீர்கள்?

வெளியே இருந்தவர்கள் கதையையும் கேளுங்கள். அந்த மலைக்கு பௌக்நாக் என்று ஒரு காவல் தெய்வம். நம் ஊர் அய்யனார் மாதிரி. சுரங்க வேலைக்காக அந்தச் சாமியின் கோயிலை அப்புறப்படுத்தியதால்தான் மலை சரிந்தது என்று ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அதை நான் ஏற்கவில்லை. தன் வீட்டை இடித்தவனை விட்டுவிட்டுக் கூலிக்காரனைப் பழிவாங்குகிற சாமி எனக்கு வேண்டாம். ஆனால் சுரங்க வாயிலில் சின்னதாக ஒரு கோயில் வைத்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து ஆர்னால்டு டிக்ஸ் என்பவர் வந்தார். சர்வதேசச் சுரங்க அமைப்பின் அப்போதைய தலைவர், நிலவியல் படித்தவர், சட்டம் படித்தவர். அவர் அந்தச் சின்னக் கோயிலின் முன்னால் குனிந்து கும்பிட்ட காட்சியை நாடே பார்த்தது. கிறிஸ்துமஸுக்குள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் மீண்ட பிறகு, நன்றி சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன், கோயிலுக்குப் போகணும் என்றார். அவர் கும்பிட்டதால் துளை போடுவது ஒரு நிமிஷம் நின்றதா? அளவு பார்க்கிற கருவியைத் தூக்கிப் போட்டுவிட்டாரா? மலையின் குணம் முழுக்கத் தன் கைக்குள் இல்லை என்று, சுரங்கத்தைக் கரைத்துக் குடித்தவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் எதிரணிக்குத்தான் தெரியவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? எந்த ஊர் பெரியாஸ்பத்திரிக்கும் போய்ப் பாருங்கள். வாசலில் ஒரு பிள்ளையார் இருப்பார். உள்ளே ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும். சிகப்பு விளக்கு எரியும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெண்டாட்டி என்ன முயற்சி செய்வாள்? கத்தியை வாங்கி அவள் அறுக்க முடியுமா? டாக்டரே வெளியே வந்து, “நாங்க செய்யறத செஞ்சுட்டோம்மா, சாமிய வேண்டிக்குங்க” என்கிறார். எங்கள் அணிக்கு டாக்டரும் ஆள் பிடித்துக் கொடுக்கிறார்! அதே நேரத்தில் ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுகிறேன். பாம்பு கடித்தவனுக்கு மந்திரிக்கிறேன் என்று உட்கார வைப்பவனும், சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு என் விபூதியைச் சாப்பிடு என்பவனும் எங்கள் அணி ஆட்கள் கிடையாது. அவர்களைக் காட்டி எங்களை அடிக்காதீர்கள். மாத்திரையையும் போட்டுக்கொண்டு சாமியையும் கும்பிடுகிறவள் எங்கள் ஆள்.

இனி, பேராசிரியர் அம்மா கேட்ட கேள்வி. சிரிப்பையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பந்தலிலிருந்து கடல் ஐந்தாறு கல் தூரம்தான். 2004, டிசம்பர் 26. அதுவும் ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணியில் எங்கெங்கிருந்தோ வந்த கூட்டம். மாதாவைக் கும்பிட்டுவிட்டுக் கடற்கரையில் நின்றவர்களைத்தான் அலை கொண்டுபோனது. நம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர். “கும்பிட வந்தவரைக் காப்பாற்றாத கடவுளை நம்பி என்ன பயன்?” என்று அம்மா கேட்டார்கள்.

கோயிலுக்குள் இருந்தவர் பிழைத்தார், பார்த்தீர்களா அற்புதத்தை என்று சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். அப்படியானால் வெளியே நின்ற குழந்தை என்ன பாவம் செய்தது? ஒருவர் பிழைத்ததைக் காட்டி இன்னொருவர் சாவுக்குக் கணக்கு எழுதுவது பக்தியும் இல்லை, மனுஷத்தனமும் இல்லை. ஏன் நடந்தது என்பதற்கு என்னிடம் பதில் கிடையாது. இந்த மேடையில் யாரிடமும் கிடையாது.

அம்மா இன்னொன்றும் சொன்னார்கள். அதற்குப் பிறகு 2007-இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது, அது மனித முயற்சி என்றார்கள். நூற்றுக்கு நூறு சரி. அது அடுத்த அலைக்கு. எதிர்பாராததை எதிர்பார்த்ததாக மாற்றுவது முயற்சியின் வேலை, அதை அது அழகாகச் செய்கிறது. ஆனால் அன்றைக்கு வந்த அலைக்கு? சுனாமி என்ற பேரே நம் வாயில் நுழையாத அந்தக் காலையில், பிள்ளையைக் கையிலிருந்து பறிகொடுத்த தாய்க்கு எந்த மையம் ஆறுதல் சொல்லும்?

அந்தத் தாய் என்ன செய்தாள் தெரியுமா? மண்ணை வாரித் தூற்றினாள். “உனக்குத் தீ மிதிச்சேனே, காவடி எடுத்தேனே, உனக்குக் கண்ணு இல்லையா”ன்னு மாரியம்மனைப் பார்த்துக் கேட்டாள். எதிரணி இதைக் கேட்டால், பார்த்தீர்களா, நம்பிக்கை போய்விட்டது என்பார்கள். போய்விட்டால் யாரிடம் கேட்பாள்? சாமியைத் திட்டுவதற்கும் ஒரு சாமி வேண்டுமே! அப்பர் பெருமானுக்குச் சூலை நோய் வந்தது. திருவதிகையில் அவர் முதல் முதலாகப் பாடிய பதிகமே முறையீடுதான். நோயை நீ விலக்கவில்லை, குடரைப் பிடித்து முறுக்குகிறது, ‘ஆற்றேன் அடியேன்’ என்கிறார். அந்த வழக்கத்தில் வந்தவள்தான் நம் கடற்கரைத் தாய். சண்டை போட ஓர் ஆள் இருந்ததால் அவள் பைத்தியமாகாமல் பிழைத்தாள்.

சரி, அந்த நம்பிக்கை வெறும் புலம்பலோடு நின்றதா? பரங்கிப்பேட்டையில் ஜமாத்தார் சுற்றுவட்டார மீனவக் கிராமத்து மக்களுக்குத் தங்க இடம் கொடுத்து, நாள்கணக்கில் சோறு ஆக்கிப் போட்டார்கள். சாப்பிட்டவர்கள் இந்துக்கள். நாகூர் தர்கா அடைக்கலம் கொடுத்தது. யாரும் அரசாங்க உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. பசித்தவனுக்குப் போடுவது ஆண்டவன் கட்டளை என்று காலங்காலமாய் நம்பி வந்தவர்கள், அன்றைக்கு அடுப்பை மூட்டினார்கள். இதை முயற்சி என்று நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த அடுப்பை மூட்டிய தீ எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் எங்கள் கணக்கில் எழுதுங்கள்.

அப்புறம் நம் மீனவர்கள். கடலைப் பார்த்தாலே உடம்பு நடுங்கிய மாதங்கள் அவை. அதே கடலில் மறுபடி படகை இறக்கினார்கள். இறக்குமுன் சூடம் ஏற்றிக் கடலம்மாவைக் கும்பிட்டார்கள். கொண்டுபோனவளையே கும்பிட்டார்கள், நடுவர் அவர்களே! வருஷா வருஷம் டிசம்பர் 26-ந் தேதி அதே கரையில் பால் ஊற்றிப் பூப்போட்டு அழுகிறார்கள். மறுநாள் விடியுமுன் வலையோடு கிளம்புகிறார்கள். துடுப்புப் பிடித்தது தன்முயற்சி, மறுக்கவில்லை. துடுப்பைத் தொடும் தைரியத்தைக் கொடுத்தது எது?

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே ஒரு நிமிஷம். அடுத்து எதிரணியிலிருந்து பேச வரும் தம்பி நல்லாப் பேசுவார் என்று கேள்விப்பட்டேன். அவரிடம் ஒன்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். தம்பி, தீபாவளியன்று மலை சரிந்ததே, வெளியே யாருக்காவது சேதி போனதா இல்லையா என்றுகூடத் தெரியாத அந்த முதல் சில மணி நேரம், நீங்கள் அந்த 41 பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் அறுபது மீட்டர் மண். கையில் ஒரு கடப்பாரை. பக்கத்தில் உங்களைவிடச் சின்னப் பையன் ஒருத்தன் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, வெளிய போயிடுவோமா?” என்று கேட்கிறான். போயிடுவோம்டா என்று சொல்வீர்களா, மாட்டீர்களா? சொல்வீர்கள் என்றால் எதை வைத்துச் சொல்வீர்கள் என்று இந்தச் சபைக்கு விளக்குங்கள். நன்றி, வணக்கம்.