பாடப் பாட ராகம்

(பரமேறிய திருநாள் மாலையில் சபை மண்டபத்தில் ஆற்றிய உரை)

பெருமதிப்புக்குரிய பேராயர் அவர்களே, சேகர குருவானவர் அய்யா அவர்களே, சபை மன்றத்துப் பெரியோர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மார்களே, பாடகர் குழுப் பிள்ளைகளே, அனைவருக்கும் என் ஸ்தோத்திரம். வேறொரு சபையில் பிரதிஷ்டையை முடித்த கையோடு பேராயர் இங்கே வந்திருக்கிறார். அவருக்கும், ஆர்கன் வாசித்த அண்ணனுக்கும், காலையிலிருந்து நின்று பூ வைத்த அக்காமார்களுக்கும் நன்றி.

இயேசு பரலோகத்துக்கு ஏறிப்போனதை நினைக்கும் இந்தத் திருநாளின் மாலை ஆராதனையைப் பற்றி மூன்று காரியம் சொல்ல வந்தேன். அது பிறந்த கதை, அதன் பாட்டு, அதற்குப் பிள்ளைகளைப் பழக்க வேண்டிய அவசியம்.

1549-ல் கேன்டர்பரி பேராயர் தாமஸ் கிரான்மர் இங்கிலாந்துத் திருச்சபைக்காகத் தொகுத்த பொது ஜெபப் புத்தகம், துறவிகள் லத்தீனில் பாடிய மாலை ஜெபத்தையும் இரவு ஜெபத்தையும் ஒன்றாக்கி ஆங்கிலத்தில் தந்தது. அதனால்தான் மாலை ஜெபத்தில் இருந்த மரியாளின் பாட்டும் இரவு ஜெபத்தில் இருந்த சிமியோனின் பாட்டும் ஒரே ஆராதனையில் வருகின்றன. 1645-ல் இங்கிலாந்து நாடாளுமன்றம் அந்தப் புத்தகத்தைத் தடை செய்தது. பேராலயப் பாடகர் குழுக்கள் கலைந்தன. 1660-ல் மன்னராட்சி திரும்பியதும், புதுப் பையன்களுக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. பாடப் பாட ராகம், மூட மூட ரோகம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதுதான்.

இந்த நாளின் மாலைக்கு அந்த ஜெபப் புத்தகத்தின் 1662 பதிப்பு குறித்திருப்பவை 24, 47, 108 ஆகிய சங்கீதங்கள். 24ஆம் சங்கீதத்தில் வரும் “வாசல்களே, உங்கள் தலைகளை உயர்த்துங்கள்” என்பதை எதிரெதிரே நிற்கும் இரண்டு பக்கத்தாரும் மாறி மாறிப் பாடுவார்கள். பல சொற்கள் ஒரே சுரத்தில் ஓடும். வரி முடியும் இடத்தில்தான் சுரம் மாறும். அத்தனை பேரும் ஒன்றாக மூச்செடுத்து, கடைசி எழுத்தை ஒன்றாக முடிக்க வேண்டும். ஞாயிறு காலை அரைமணி முன்னால் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றால் இது வராது.

கேம்பிரிட்ஜில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி. 1902-ல் அங்கே ஆர்கன் வாசித்தவர் சிரில் ரூதம். அதே கல்லூரியில் ஜோசப் லார்மர் என்ற இயற்பியல் அறிஞர். ஆலயக் கோபுரத்தின் உச்சியில் நின்று பாடினால் கீழே கேட்காது என்றார் லார்மர். கேட்கும் என்றார் ரூதம். கோபுரமோ 163 அடி! லார்மர் லேசுப்பட்ட ஆள் இல்லை. அடுத்த வருஷமே நியூட்டன் வகித்த பேராசிரியர் பதவிக்கு வந்தவர். அவரோடு பேசி ஜெயிக்க முடியுமா? ரூதம் பேசவில்லை. இதே பரமேறிய திருநாள் வந்தது. முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் பாடகர்களைக் கூட்டிக்கொண்டு கோபுரத்தில் ஏறிவிட்டார். மேலிருந்து பாட்டு இறங்கி வருகிறது. எங்கிருந்து வருகிறது என்று பார்க்க லார்மர் தன் அறை ஜன்னலைத் திறந்தாராம். திறந்தாரே, அப்போதே தோற்றுவிட்டார்! இன்றும் அந்தக் குழு இந்தத் திருநாளில் கோபுரம் ஏறிப் பாடுகிறது.

சரி, இதை ஏன் சொல்கிறேன்? அந்தக் குழு ஓய்ந்திருந்து திடீரென்று மேலே ஏறவில்லை. பாடிப் பழகிய தொண்டை அது. பாடப் பாட ராகம்! பையன்களும் ஆண்களும் மட்டுமே பாடிய அந்தக் குழுவில் 2022 முதல் பெண்பிள்ளைகளும் பாடுகிறார்கள். சாலிஸ்பரி பேராலயம் 1991-லேயே பெண்பிள்ளைகளுக்குத் தனிக் குழு தொடங்கிவிட்டது. நம்மிடம் பிள்ளைகளுக்குக் குறைவா? புது ஒலிபெருக்கிக்குப் பணம் ஒதுக்குகிறோம். பாட்டு சொல்லிக்கொடுப்பவருக்கு மட்டும் ‘ஊழியம்தானே’ என்று சொல்லிச் சால்வை போர்த்தி அனுப்பிவிடுகிறோம். இது நியாயமே இல்லை.

பேராயர் முன்னிலையில் சபை மன்றத்தாரிடம் மனுவாகவே வைக்கிறேன். வரும் வரவு செலவுத் திட்டத்தில் பாட்டு ஆசிரியருக்குச் சம்பளம் ஒதுக்குங்கள். எட்டு வயதான பிள்ளைகளை, ஆண் பெண் பாராமல் சேர்த்து, செவ்வாயும் வெள்ளியும் மாலையில் ஒரு மணி நேரம் பயிற்சி கொடுங்கள். அடுத்த பரமேறிய திருநாளில் 24ஆம் சங்கீதத்தை, கீபோர்டு இல்லாமல், அவர்கள் இரண்டு பக்கமாக நின்று பாடட்டும். பெயர் கொடுக்க விரும்பும் பெற்றோர், வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கும் தம்பியிடம் எழுதிவிட்டுப் போங்கள்.