தொழிலா, தொட்டிலா? – தொழிலே என்ற அணியின் உரை

நடுவர் அவர்களே, எங்கள் அணியினரே, எதிரணியினரே, இந்த நேரத்திலும் இடத்தை விட்டு எழாத தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

நாட்டுப்புறப் பாட்டை வாழவைத்தது தொழிலா, தொட்டிலா? தொழில்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். சொல்ல விடாமல் எதிரணித் தங்கை ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். "பம்புசெட் வந்த அன்றைக்கே ஏற்றப்பாட்டு செத்துப்போச்சு. மோட்டாருக்கு யாராவது பாட்டுப் பாடுவாங்களா? தொட்டில் மட்டும் இன்னைக்கும் ஆடுது" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். கிணற்றிலிருந்து வயலுக்கு ஏற்றத்தில் தண்ணீர் இறைக்கிறவர்கள் பாடுவதுதான் ஏற்றப்பாட்டு. ஏற்றப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை என்பது பழமொழி. அதையும் தாண்டி எதிர்ப்பாட்டு வந்துவிட்டதால் கம்பர் கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

செவிவழிக் கதைதான். ஒரு சாயங்காலம் கம்பர் வயல்வழியே நடந்து போகிறார். ஏற்றம் இறைக்கிற ஒருவன் பாடுகிறான்: "மூங்கில் இலைமேலே..." கம்பர் நின்றுவிட்டார். மூங்கில் இலைமேலே என்னப்பா? தண்ணீர் மொள்ளுகிற சால் கிணற்றுக்குள் போய் மேலே வருகிறது. "தூங்கும் பனிநீரே!" கவிச்சக்கரவர்த்திக்குச் சிலிர்த்துப் போச்சு. அந்தக் கூரிய இலை நுனியில் பனித்துளி தூங்குது என்கிறானே! சரி, அடுத்த அடி? காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். அவன் ஏற்றத்தை விட்டு இறங்கினான், காலைக் கழுவினான், வீட்டுக்குப் போய்விட்டான்!

ஏன் போனான்? கதை சொல்லுகிறவர்கள் இந்த இடத்தைத் தாவிப் போய்விடுவார்கள். நான் தாவ மாட்டேன். ஏற்றம் எப்படி இருக்கும்? கிணற்றங்கரையில் நட்ட கால்மேல் நீளமாக ஒரு மரம் கிடக்கும். அதன் கிணற்றுப்பக்க முனையில் ஒரு கழி தொங்கும், கழியின் அடியில் சால். மேலே மரத்தில் ஏறி மிதிக்கிற ஆள் கிணற்றுப் பக்கம் நடந்தால் சால் இறங்கும்; பின்னால் நடந்தால் சால் ஏறும். கீழே நிற்கிறவன் கழியைப் பிடித்துச் சாலை முக்கி, மேலே வந்ததும் வாய்க்காலில் சாய்ப்பான். மேலே இருப்பவனுக்குக் கிணற்றுக்குள் நடப்பது தெரியாது. சால் நிறைவதற்குள் அவன் திரும்பி நடந்தால் அரைச்சால் தண்ணீர்தான் வரும். சால் சாய்ந்து முடிவதற்குள் முன்னால் வந்தால் கழி கீழே இருப்பவன் கையை இழுத்துக்கொண்டு போகும். கால் பிசகினால் மேலே இருப்பவன் விழுவான். இரண்டு பேரையும் ஒன்றாகக் கட்டி வைத்த கயிறு அந்தப் பாட்டுத்தான். பிள்ளையாரைக் கூப்பிட்டுத் தொடங்குவார்கள். எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கும் பாட்டுக்குள்ளேயே ஓடும். வயல் நிறைந்தால் இறைப்பு நின்றது, இறைப்பு நின்றால் பாட்டும் நின்றது. கம்பர் நிற்கிறார் என்பதற்காக இன்னொரு சால் இறைக்க முடியுமா?

ராத்திரி முழுக்கக் கம்பருக்குத் தூக்கமில்லை. தூங்கும் பனிநீரே... அப்புறம்? பத்தாயிரத்துக்கு மேல் விருத்தம் பாடிய வாய் ஓர் அடிக்குத் தவிக்கிறது. விடிந்ததும் விடியாததுமாக ஓடி வந்து அதே வரப்பில் நிற்கிறார். அவன் நிதானமாக வந்தான், ஏற்றத்தைப் பூட்டினான், விட்ட இடத்திலிருந்து எடுத்தான்: "தூங்கும் பனிநீரை வாங்கும் கதிரோனே!"

அம்மாடி! கிணற்றிலிருந்து தண்ணீர் வாங்குகிறவன், இலையிலிருந்து தண்ணீர் வாங்குகிற சூரியனைப் பார்த்துப் பாடுகிறான். தங்கச்சி, ஏற்றம் இறைக்காத ஒருத்தருக்கு இந்த வரி வந்திருக்குமா? கம்பருக்கே வரவில்லையே! ஏற்றம் போய்விட்டது, ஒத்துக்கொள்கிறேன். பாட்டு போச்சா? இதோ இந்த மன்றத்தில் நிற்கிறதே! மதுரைக்காஞ்சியிலேயே மாங்குடி மருதனார், நீர் இறைக்கும் தொழுவர்களின் பாட்டொலியை ஏற்றத்தின் ஓசையோடு சேர்த்துக் காதில் வாங்கியிருக்கிறார். சங்க காலத்திலிருந்து ஓடி வருகிற ஒன்றை ஒரு மோட்டார் கொன்றுவிடும் என்கிறீர்களா?

அடுத்து, நடவு. நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயி அம்மாவைத் தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். 1985-இல் 'ஆண் பாவம்' படத்தில் பார்த்தோம். அதற்கு முன்பே வானொலியில் கேட்டோம். அதற்கும் முன்னால் அந்தக் குரல் வயற்காட்டில் கிடந்த குரல். குனிந்து நடும்போது வயிறு மடங்கியிருக்கும், மூச்சு நீளாது. அதனால்தான் நடவுப்பாட்டில் அடிகள் குட்டையாக இருக்கும். ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள். அவர்கள் திருப்பிப் பாடுகிற நேரம்தான் எடுத்துக் கொடுக்கிறவளுக்கு மூச்சு வாங்கவும் அடுத்த அடியைக் கட்டவும் கிடைக்கிற நேரம். "தன்னானே" வருவதும் அதற்குத்தான்.

வேகமும் அவள் கையில்தான். பாட்டை ஓட்டினால் கை ஓடும்; நாற்று மேலாக நிற்கும், தண்ணீர் கட்டினதும் மிதக்கும். அதற்காக ஆழத்தில் அமுக்கினாலும் தூர் கட்டாது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்தான் சரி. ஒரு வயலின் விளைச்சலில் பாட்டுக்காரிக்கும் பங்கு உண்டு நடுவர் அவர்களே! அவளுக்குத் தனியாக ஒரு மரக்கால் நெல் அளந்து கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

தொட்டிலுக்கு வருகிறேன். தங்கை சொன்ன தொட்டில் எங்கே தொங்கியது? கூடத்து உத்திரத்திலா? நடவுக்குப் போன தாய்க்கு ஏது கூடம்? வரப்போரத்து வேப்ப மரக்கிளையில் பழைய சேலையில் கட்டின தூளி அது. பிள்ளை அழுகிறது. அவள் முழங்கால் சேற்றில் நிற்கிறாள். வரிசையை விட்டு வர முடியாது. வந்தால் அவள் பங்கு நடவும் பக்கத்தில் நிற்கிறவள் தலையில் விழும். கையில் சேறு, மார்பில் பால் கட்டி வலிக்கிறது. ஓடிப் போய்த் தூக்க முடியாதவள் என்ன செய்வாள்? பாட்டைத் திருப்புவாள். நடவு மெட்டிலேயே "கண்ணே" என்று சேர்த்துக் குரலை ஏற்றுவாள். மற்றவர்களுக்குப் புரிந்துவிடும். பெற்றவர்களும் பெறாதவர்களும் குனிந்த முதுகோடு அந்தப் பிள்ளைக்காகச் சேர்ந்து பாடுவார்கள். எத்தனை பேர் அப்படித் தூங்கி வளர்ந்தோம்! இந்தக் கூட்டத்தில் தலை நரைத்த அம்மாக்கள் சிலர் கண்ணைத் துடைக்கிறீர்களே, அந்த வரப்பு உங்களுக்குத் தெரியும் தாயே!

எதிரணித் தங்கைக்கும் பாட்டி இருந்திருப்பார். அவர் எந்த வயலில் நின்று பாடினார் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள் அம்மா. நடுவர் அவர்களே, நாற்று முடியைக் கையில் பிடித்துக்கொண்டு பாடின அந்தத் தாலாட்டை எந்த அணியில் சேர்க்கப் போகிறீர்கள்?