செஸ் காய்களைத் தட்டிவிட்டவன்

நேயர்களுக்கு வணக்கம். உலக சினிமா பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரே படத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், ஏனென்றால் அந்தப் படத்தை வைத்து எனக்கும் என் நண்பருக்கும் இன்னும் சண்டை ஓயவில்லை. இங்மார் பெர்க்மன் இயக்கிய ‘தி செவன்த் சீல்’, 1957இல் வந்த ஸ்வீடன் நாட்டுப் படம்.

கதை இதுதான். சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வீரன் ஆன்டோனியஸ் பிளாக் கடற்கரையில் மனித உருவில் வந்து நிற்கும் மரணத்தை நேருக்கு நேர் பார்க்கிறான். செஸ் ஆட்டத்துக்கு அழைத்து, ஆட்டம் முடியும்வரை உயிருக்குத் தவணை வாங்குகிறான். நாடெங்கும் பிளேக். ஸ்டாக்ஹோமுக்குப் பக்கத்தில் டேபி தேவாலயத்தில், மரணம் ஒரு மனிதனோடு செஸ் ஆடுவதுபோல 15ஆம் நூற்றாண்டு ஓவியர் ஆல்பர்ட்டஸ் பிக்டர் வரைந்து வைத்திருக்கிறார், படத்துக்கு விதை அங்கேதான். வீரனாக வரும் மாக்ஸ் வான் சிடோவுக்குப் படப்பிடிப்பின்போது 27 வயது, முகத்தைப் பார்த்தால் நம்பவே மாட்டீர்கள்.

கடவுள் பேச மறுக்கிறார் என்ற விஷயத்தையே எல்லோரும் பேசுவார்கள். அதை விடுங்கள், படத்தில் சிரிப்பும் உண்டு. ஒரு நடிகன் உயிர் தப்ப மரத்தில் ஏறிக்கொள்கிறான், மரணம் நிதானமாக ரம்பத்தால் அந்த மரத்தை அறுக்கிறது, “நடிகர்களுக்குச் சலுகை கிடையாதா?” என்று மேலேயிருந்து கேட்கிறான். கிடையாது.

சண்டைக்கு வருகிறேன். ஜோஃப், மியா என்று ஒரு கூத்தாடித் தம்பதி, கைக்குழந்தையோடு. வழியில் அவர்கள் தந்த பாலும் காட்டு ஸ்ட்ராபெரியும்தான் வீரனுக்கு வெகுநாள் கழித்துக் கிடைத்த நிம்மதி. பின்னால் அவர்கள் தப்பிக்க வேண்டும் என்று, கை தவறியதுபோல செஸ் காய்களைத் தட்டிவிட்டு மரணத்தின் கவனத்தைத் திருப்புகிறான். எனக்குப் படமே இந்த இடம்தான்.

நண்பர் விடவில்லை. “ஏன்யா, அவர்களைக் காட்டுவழியாகக் கூட்டி வந்ததே இவன்தானே? மரணம் தன் பின்னாலேயே வருகிறது என்று தெரிந்தும் கூட்டி வந்தவன், அப்புறம் காப்பாற்றினால் தியாகியா?” என்றார். சரியான கேள்வி. கடற்கரைப் பக்கம் பிளேக் பரவுகிறதே என்ற நல்லெண்ணத்தில்தான் தன்னோடு வரச் சொன்னான். ஆனால் “அந்தக் குடும்பத்தையும் காட்டுக்குள் கூட்டிப் போகிறாயா?” என்று மரணம் ஆட்டத்துக்கு நடுவே சும்மா கேட்பதுபோலக் கேட்கும்போது அவன் முகம் மாறுவதைக் கவனியுங்கள். அதனால் நான் அதைத் தியாகம் என்று சொல்வதை விட்டுவிட்டேன். தான் இழுத்துவிட்ட வம்பைத் தானே தீர்க்கிறான், அவ்வளவுதான், அப்படிப் பார்த்தால்தான் எனக்கு அவனை இன்னும் பிடிக்கிறது.

மரணமும் லேசுப்பட்டதில்லை, காய்கள் இருந்த இடமெல்லாம் நினைவிருக்கிறது என்று திரும்ப அடுக்கி, ஆட்டத்தையும் ஜெயித்துவிடுகிறது.

இப்போது நண்பர் கட்சி மாறிவிட்டார். காப்பாற்றியது வீரனே இல்லையாம், ஜோஃபின் கண்தானாம். மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாததெல்லாம் அவன் கண்ணுக்குத் தெரியும், வீரன் யாரோடு ஆடுகிறான் என்று பார்த்ததும் மனைவி மக்களோடு வண்டியைக் கிளப்பினான். உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் மரணம் குனிந்து காய் பொறுக்கிக்கொண்டிருக்காவிட்டால் வண்டி எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை.