"கண்ணாடி மாதிரி தண்ணி"ன்னு சொன்னவங்க எல்லாம் வாங்க | மூடின சுரங்கத்துல கசிவு அளக்குறோம்

வணக்கம் மக்களே! இன்னிக்குக் கொஞ்சம் கடுப்புலதான் கேமராவை ஆன் பண்ணியிருக்கேன். போன வீடியோல, அடைச்சு சீல் வச்ச சுரங்க வாய்க்குக் கீழ கசியுற தண்ணியைக் காட்டினேன்ல? கமெண்ட்ல பாதிப் பேர் "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, மேல மரமெல்லாம் வந்துருச்சு, இன்னும் என்னங்க டெஸ்ட்டு?"ங்குறீங்க.

அய்யா சாமி, தெளிவா இருக்குறதுதான் எனக்குச் சந்தேகமே. மேல மண்ணு போட்டு மரம் நட்டாச்சு, சரி. உள்ள பாறையில இருக்குற பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது, எங்க போகும்? காத்தும் தண்ணியும் பட்டா அது ஆசிட், இரும்பு, சல்பேட்னு கரைஞ்சுக்கிட்டேதான் இருக்கும். உள்ள தேங்கி நிக்குற தண்ணியில ஆக்சிஜன் கம்மி. அதனால இரும்பு கரைஞ்ச நிலையிலயே வெளிய வரும், கண்ணுக்குத் தெரியாது. காத்து பட்டாத்தான் ஆரஞ்சுச் சேறாப் படியும். இந்தா, இங்க பாருங்க, வாய்க்கிட்ட பளிச்சுன்னு இருக்கு. கொஞ்சம் தள்ளி வாங்க, கல்லு பூரா துரு! அப்படிப் படியும்போது இன்னும் ஆசிட் விடும். தண்ணியில ஆசிட்டை அடக்குற காரத்தன்மை போதலேன்னா, வாய்க்கிட்ட பிஹெச் 6 காட்டுனது கீழ 4-க்கும் கீழ இறங்கிடும். பிஹெச் ஒண்ணை மட்டும் போட்டு "நார்மல்"னு முடிக்கிற ரிப்போர்ட்டைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

சரி, இன்னிக்கு ஹீரோவுக்கு வருவோம். இதோ, இந்த இலை.

சிரிக்காதீங்க. வாய்க்கால் குறுக்க இருக்குற தகட்டுல வி மாதிரி வெட்டிருக்குல்ல, அந்த வி-நாட்ச்சோட அடிமுனையில இது போய் ஒட்டிக்கிச்சு. ஸ்கேல்ல 6 செ.மீ. காட்டுது. இலையை எடுத்துட்டு, தண்ணி அடங்குற வரைக்கும் நின்னு பார்த்தா 5 செ.மீ. ஒரு சென்டிமீட்டர்தானேன்னு தோணும். இது 90 டிகிரி நாட்ச். இதுல ஓட்டம் உயரத்தோட 2.5 அடுக்குல (பவர்ல) ஏறும், அதனால உயரம் கொஞ்சம் கூடினாலே ஓட்டம் நிறைய கூடிடும். 5 செ.மீ.ன்னா விநாடிக்கு 0.77 லிட்டர், 6 செ.மீ.ன்னா 1.2 லிட்டர். தண்ணியில லிட்டருக்கு 30 மில்லிகிராம் இரும்புன்னு வச்சுக்கோங்க. ஒரு நாளைக்கு ரெண்டு கிலோ இரும்பு போற இடத்துல, பேப்பர்ல மூணு கிலோவுக்கு மேல போயிருக்கும். ஒரே ஒரு இலை மக்களே! இதை எந்த லாகரும் (தானா மட்டத்தைப் பதிவு பண்ற கருவி) சொல்லாது, அது பாட்டுக்கு 6, 6, 6-னு எழுதிக்கிட்டே இருக்கும். அதனாலதான் வாளி நிறைய எத்தனை விநாடின்னு பார்த்து ஓட்டத்தைச் சரிபார்க்க, என் வாளியையும் ஸ்டாப்வாட்ச்சையும் நான் விடுறதே இல்ல. கேலி பண்றவங்க பண்ணிக்கோங்க. வாளி இன்னிக்கும் 0.77 பக்கத்துலதான் சொல்லுச்சு!

ஆ, சொல்ல மறந்துட்டேன். ஸ்கேலை நாட்ச் மேலயே வைக்கக் கூடாது. அங்க தண்ணி வளைஞ்சு இறங்கும், உயரம் கம்மியாக் காட்டும். கொஞ்சம் மேல்பக்கம் தள்ளித்தான் வைக்கணும்.

சாம்பிள் வேலை பழைய வீடியோல இருக்கு, ஓடிடுறேன். பிஹெச், கண்டக்டிவிட்டி (தண்ணி மின்சாரத்தைக் கடத்துற அளவு), காரத்தன்மை மூணும் இங்கயே பார்த்துடணும். பாட்டில்ல கொண்டுபோனா வழியிலேயே கார்பன் டை ஆக்சைடு கிளம்பிடும், நம்பர் மாறிடும். கரைஞ்ச உலோகத்துக்கு 0.45 மைக்ரான் ஃபில்டர், அப்புறம் நைட்ரிக் ஆசிட். இருங்க, இந்த வரிசையை அழுத்திச் சொல்லிடுறேன்: முதல்ல ஃபில்டர், பிறகுதான் ஆசிட். மாத்திப் பண்ணா சேறும் சேர்ந்து கரைஞ்சுடும்.

"கசிவு குறைஞ்சா நல்லதுதானே?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். பீசோமீட்டரை, அதாவது உள்ள தண்ணி மட்டம் எவ்வளவுன்னு காட்டுற குழாயைப் பார்க்காம நான் தலையாட்ட மாட்டேன். வெளிய வராத தண்ணி உள்ள ஏறிக்கிட்டு இருக்கலாம், 10 மீட்டர் ஏறுச்சுன்னா சீல் மேல ஒரு பார் (கிட்டத்தட்ட ஒரு வளிமண்டல அளவு) அழுத்தம் கூடும். 2015 ஆகஸ்ட்ல, அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்து கோல்ட் கிங் சுரங்க வாயைத் தோண்டும்போது தேங்கின தண்ணி பிச்சுக்கிட்டு வந்து, அனிமாஸ் ஆறே மஞ்சளாப் போச்சு. இங்க நம்ம பீசோமீட்டர் மட்டமும் சேர்ந்தே இறங்கியிருக்கு, அதனால நிம்மதி.

கடைசியா, "குடிச்சுப் பார்த்தீங்களா?"ன்னு கேட்டவரே, சத்தியமா வேண்டாம். ஆர்செனிக்குக்கு நிறமும் கிடையாது, ருசியும் கிடையாது. லேப் ரிசல்ட் வந்ததும் சல்பேட்டைப் பத்தித் தனியா ஒரு வீடியோ போடுறேன்.